பன்னிரண்டு வயதுப் பையனை எந்தக் கப்பலில் ஏற்றுவது?

1793 பிப்ரவரி முதல் தேதி பிரான்ஸ் பிரிட்டன்மீது போர் அறிவித்தது. அந்தச் செய்தி இங்கிலாந்தின் கிராமங்களுக்குப் போய்ச் சேர்ந்ததும் பல வீடுகளில் ஒரே பேச்சு கிளம்பியிருக்கும். மூத்தவனுக்கு நிலம் இருக்கிறது. அடுத்தவன் பாதிரியாராகலாம். மூன்றாவது பையனை என்ன செய்வது? கடலுக்கு அனுப்புங்கள் என்று உறவுக்காரர் யாராவது சொல்லியிருப்பார். சொல்வது சுலபம். எந்தக் கப்பல், யாருடைய கப்பல் என்பதைப் பொறுத்துப் பையனின் அடுத்த நாற்பது ஆண்டுகளே மாறிப்போயின.

பாய்மரக் காலத்துக் கடற்படை அதிகாரிகளைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அவர்களைப் பெற்றவர்களின் நினைவுதான் வருகிறது. பையனுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது. கப்பலை நேரில் பார்த்திருக்கக்கூட மாட்டான். அவனுக்காக வேறொருவர் முடிவெடுக்க வேண்டும். எடுத்த முடிவைப் பிறகு மாற்றுவது மிகவும் கடினம். அந்த இடத்தில் இருந்த ஒரு தகப்பனுக்கு என்னென்ன வழிகள் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் என்ன விலை, எது யாருக்குப் பொருந்தும் என்று பார்ப்போம்.

வழிகள் நான்கு. அரசரின் போர்க்கப்பலில் ஒரு கேப்டனிடம் நேரடியாகச் சேர்த்துவிடுவது. போர்ட்ஸ்மத்தில் இருந்த அரசுக் கடற்படைப் பள்ளியில் படிக்கவைத்துப் பிறகு கப்பலேற்றுவது. கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகக் கப்பல்களில் சேர்ப்பது. நிலக்கரிக் கப்பல் முதலாளியிடம் தொழில் பழக விடுவது. எதிரி நாட்டு வணிகக் கப்பல்களைப் பிடிக்க உரிமம் வாங்கிக்கொண்டு போகும் தனியார் கப்பல்களும் இருந்தன. போர் முடிந்த மறுநாளே அந்தத் தொழிலும் முடிந்துவிடும் என்பதால், ஒரு சிறுவனின் எதிர்காலம் என்று வரும்போது அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

இந்த நான்கு வழிகளிலும் போன நான்கு பையன்களின் கதை நமக்குத் தெரியும். பின்னாளில் பிரிட்டனின் புகழ்பெற்ற அட்மிரலான ஹொரேஷியோ நெல்சனும் ஃபிரான்சிஸ் ஆஸ்டினும் கிராமப் பாதிரியார்களின் பிள்ளைகள். ஜான் வேர்ட்ஸ்வொர்த் ஒரு வழக்கறிஞரின் மகன். பதினோரு வயதுக்குள் தாயையும் தந்தையையும் இழந்தவன். ஜேம்ஸ் குக்கின் அப்பா பண்ணையில் கூலி வேலை செய்தவர். நான்கு பேரும் கடைசியில் கேப்டன் ஆனார்கள். ஆன விதமும் அதற்குக் கொடுத்த விலையும்தான் வேறு வேறு.

கேப்டனுடைய கப்பல்

கடற்படையில் அதிகாரியாகச் சேர அரசுக்கு விண்ணப்பம் போடும் வழக்கம் அப்போது இல்லை. கப்பலில் உள்ள நூறு ஆட்களுக்கு நான்கு பையன்கள் என்ற கணக்கில் ஒவ்வொரு கேப்டனும் சிறுவர்களை வைத்துக்கொள்ளலாம். யாரை வைத்துக்கொள்வது என்பது முழுக்க அவர் விருப்பம். கப்பல் பதிவேட்டில் 'கேப்டனின் வேலைக்காரன்' என்று எழுதிக்கொள்வார்கள். 1794-இல் அந்தப் பெயரை எடுத்துவிட்டு 'முதல் வகுப்புத் தன்னார்வலர்' என்று மாற்றினார்கள். பெயர் மாறியதே தவிர வாசல் மாறவில்லை. கேப்டனைத் தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அவரைத் தெரிந்த ஒருவரையாவது தெரிந்திருக்க வேண்டும். சிபாரிசு என்று நாம் தணிந்த குரலில் சொல்வதை அவர்கள் கடிதத்தில் எழுதி, கையெழுத்தும் போட்டு அனுப்பினார்கள்.

சேர்ந்த பிறகும் செலவு நிற்காது. மிட்ஷிப்மேனாக, அதாவது பயிற்சி அதிகாரியாக இருக்கும் பையனின் சம்பளம் அவன் சாப்பாட்டுக்கும் உடுப்புக்கும் போதாது. ஆண்டுக்கு 30 முதல் 50 பவுண்டு வரை வீட்டிலிருந்து வரவேண்டும் என்று கேப்டன்கள் எதிர்பார்த்தார்கள். ஒரு கிராமப் பாதிரியாருக்கு அது சின்னத் தொகை இல்லை. அப்படி ஆறு ஆண்டுகள் கடலில் கழிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அதிகாரியாகும் முதல் படியான லெப்டினன்ட் தேர்வு.

1677-இல் கடற்படை நிர்வாகச் செயலாளர் சாமுவேல் பெப்பீஸ் கொண்டுவந்த இந்தத் தேர்வுதான் பிரிட்டிஷ் கடற்படையின் முதுகெலும்பு என்று நான் நினைக்கிறேன். தரைப்படையில் பணம் கொடுத்துப் பதவி வாங்கலாம், இங்கே முடியாது. பையன் தான் எழுதிய நாட்குறிப்புகளையும் கேப்டன்கள் கொடுத்த சான்றிதழ்களையும் கையில் இடுக்கிக்கொண்டு உள்ளே போவான். எதிரே மூன்று கேப்டன்கள் உட்கார்ந்திருப்பார்கள். காற்று கரையை நோக்கி அடிக்கிறது, கப்பல் கரைப் பக்கம் ஒதுங்கிக்கொண்டே போகிறது, நடுப் பாய்மரம் முறிந்துவிட்டது, என்ன செய்வாய்? ஒரு பதில் சொன்னால் காற்றைத் திருப்பிவிடுவார்கள். இன்னொரு பதில் சொன்னால் நங்கூரக் கயிற்றை அறுத்துவிடுவார்கள். எழுத்துத் தேர்வு கிடையாது; வாயால் கப்பலைக் காப்பாற்றிக் காட்ட வேண்டும். பெரிய இடத்துப் பிள்ளையாக இருந்தாலும் பாய் எப்படி நிற்கிறது என்று தெரியாதவன் அந்த அறையில் திணறத்தான் வேண்டும்.

ஆனாலும் அந்த அறைக்குள்ளும் சிபாரிசு நுழைந்தது. நெல்சன் 1777 ஏப்ரலில் தேர்வுக்குப் போனபோது வயது பதினெட்டு. விதிப்படி இருபது ஆகியிருக்க வேண்டும். சான்றிதழில் 'இருபதுக்கு மேல் இருக்கும் என்று தோன்றுகிறது' என்று எழுதிவிட்டார்கள். அப்போது கடற்படை நிர்வாக வாரியத்தின் தலைவராக இருந்தவர் அவனுடைய தாய்மாமன் மாரிஸ் சக்லிங். அவன் முதன்முதலாக ஏறிய கப்பலின் கேப்டனும் அவரே. இன்னொரு தந்திரமும் நடந்தது. பையன் வீட்டில் இருக்கும்போதே கப்பல் பதிவேட்டில் அவன் பெயரை எழுதிவைத்து, ஆண்டுக் கணக்கைச் சேர்த்துவிடுவார்கள். தாமஸ் கோக்ரேனின் பெயரை அவனுடைய சித்தப்பா இப்படி எழுதத் தொடங்கியபோது அவனுக்கு ஐந்து வயது. உண்மையில் கப்பலேறியபோது பதினேழு.

சிபாரிசின் எடை எவ்வளவு என்று தெரிந்துகொள்ள நெல்சனையும் அவருடைய நெருங்கிய நண்பர் கத்பர்ட் காலிங்வுட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். காலிங்வுட் நியூகாசில் வணிகர் ஒருவரின் மகன். 1761-இல் கடலுக்கு வந்தார். 1775-இல்தான் லெப்டினன்ட் ஆனார். பதினான்கு ஆண்டுகள்! நெல்சனுக்கு ஆனது ஆறு. பிறகு மேற்கிந்தியத் தீவுகளில் நெல்சன் ஒரு கப்பலிலிருந்து அடுத்ததற்கு உயரும்போதெல்லாம் அவர் காலி செய்த இடத்துக்குக் காலிங்வுட் வந்தார். திறமையில் அவர் குறைந்தவர் என்று எந்த மாலுமியும் சொன்னதில்லை.

இந்த வழியின் உண்மையான மதிப்பு 'போஸ்ட் கேப்டன்' என்ற ஒரு படியில் இருக்கிறது. இருபது பீரங்கிகளும் அதற்கு மேலும் உள்ள கப்பலுக்குத் தலைவனாக நியமனம் கிடைத்த நாளில் அவன் பெயர் பட்டியலில் ஏறிவிடும். அதன் பிறகு யாரும் அவனைத் தாண்டிப் போக முடியாது. அட்மிரல் பதவி முழுக்கப் பணிமூப்பின்படிதான். மேலே உள்ளவர்கள் இறக்க இறக்கக் கீழே உள்ளவர்கள் ஏறுவார்கள். நெல்சன் 1779 ஜூனில், இருபது வயதில் அந்தப் படியைத் தொட்டுவிட்டார். முப்பத்தைந்தில் தொட்டவனுக்கு அட்மிரல் கொடியைப் பார்க்க ஆயுள் வேண்டும். ஆகவே ஒரு தகப்பன் கேட்க வேண்டிய கேள்வி, என் பையன் லெப்டினன்ட் ஆவானா என்பதைவிட, முப்பதுக்குள் போஸ்ட் கேப்டன் ஆக்கிவிட ஆள் இருக்கிறதா என்பதுதான். ஆள் இல்லாமல் தேர்வில் மட்டும் தேறி, முப்பதைத் தாண்டியும் மிட்ஷிப்மேன்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் நிறையப் பேர்.

பணம்? எதிரிக் கப்பலைப் பிடித்தால் அதன் மதிப்பை எட்டாகப் பிரிப்பார்கள். மூன்று பங்கு கேப்டனுக்கு. அதில் ஒன்றை அட்மிரலுக்குக் கொடுத்துவிட வேண்டும். லெப்டினன்ட்கள் எல்லோருமாகச் சேர்ந்து, கப்பலைச் செலுத்தும் பொறுப்பாளரான மாஸ்டரோடும் கடற்படைச் சிப்பாய்களின் தலைவனோடும் ஒரே ஒரு பங்கைப் பகிர்ந்துகொள்வார்கள். 1799-இல் ஸ்பெயினின் இரண்டு வெள்ளிக் கப்பல்களைப் பிடித்த நான்கு ஃப்ரிகேட் (வேகமான நடுத்தரப் போர்க்கப்பல்) கேப்டன்களுக்கு ஆளுக்கு 40,730 பவுண்டு கிடைத்தது. சாதாரண மாலுமிக்கு 182 பவுண்டு; அதுவே அவனுடைய பத்தாண்டுச் சம்பளத்துக்கும் மேல். இந்த எண்கள் துறைமுகந்தோறும் பேசப்பட்டன. பல தகப்பன்களின் கண்ணை இவையே மறைத்தன. பெரும்பாலான அதிகாரிகள் கண்டது வேறு. ஃபிரான்சிஸின் தம்பி சார்ல்ஸ் ஆஸ்டின் 1801-இல் ஒரு கப்பலைப் பிடித்த பங்காக 30 பவுண்டு வாங்கினார். அதைக் கொண்டுபோய்த் தன் இரண்டு அக்காக்களுக்கும் தங்கச் சங்கிலியும் புஷ்பராகம் பதித்த சிலுவையும் வாங்கிக் கொடுத்தார். அந்த அக்காக்களில் ஒருவர் நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின். அந்தச் சிலுவைகள் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. 40,730 பவுண்டைவிட இந்த 30 பவுண்டு எனக்கு அந்த வேலையை நன்றாகப் புரியவைக்கிறது.

பள்ளிக்கூடம்

போர்ட்ஸ்மத் பள்ளியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மொத்தம் நாற்பது இடங்கள். கணிதம், வானியல், வரைபடம், பிரெஞ்சு எல்லாம் முறையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அங்கே படித்த காலத்தில் இரண்டு ஆண்டுகளைக் கடற்பணியாகவும் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். இவ்வளவு இருந்தும் கேப்டன்களுக்கு அந்தப் பையன்களைப் பிடிக்கவில்லை. தாங்களே தேர்ந்தெடுத்த பையன்கள் இருக்கும்போது அரசு அனுப்பிய ஒருவனுக்கு இடம் தருவதில் அவர்களுக்கு என்ன லாபம்? பள்ளியில் மூன்று ஆண்டுகள் கழித்தவனுக்கு எந்தக் கேப்டனோடும் ஒட்டு இருக்காது. கடற்படையில் கேப்டன் உயர்ந்தால் அவருடைய பையன்களும் அவரோடு அடுத்த கப்பலுக்குப் போவார்கள். அந்தக் குடும்பத்தில் பள்ளிப் பையன் விருந்தாளி.

ஃபிரான்சிஸ் 1786-இல் அந்தப் பள்ளியில் சேர்ந்து, நன்றாகப் படித்து, 1788 கடைசியில் கிழக்கிந்தியக் கடலுக்குப் புறப்பட்டார். நான்கு ஆண்டுகளில் லெப்டினன்ட். அதற்குப் பிறகு அவரும் சிக்கிக்கொண்டார். மூத்த அண்ணனின் மனைவி வழி உறவான அட்மிரல் கேம்பியருக்கு அப்பா கடிதம் எழுதினார். 1798-இல் லெப்டினன்டுக்கு அடுத்த படியான கமாண்டர் பதவி வந்தது. எத்தனை ஆண்டு படித்தாலும் ஒரு கடிதம் வேண்டியிருந்தது. எனவே இரண்டில் ஒன்று என்றால் பள்ளியை விட்டுவிட்டுக் கேப்டனைத் தேடுவதே மேல்.

கம்பெனியின் கப்பல்

கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் பெரும்பாலும் கம்பெனிக்குச் சொந்தமானவை அல்ல. லண்டன் முதலாளிகள் கட்டிக் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டவை. கேப்டன் பதவியே ஒரு சொத்து. அதை வைத்திருந்தவரிடமிருந்து 8 ஆயிரம், 10 ஆயிரம் பவுண்டு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. இந்த விற்பனையை 1796-இல்தான் கம்பெனி நிறுத்தியது. நாம் பேசும் 1793-இல் பணம் இல்லாமல் கேப்டன் நாற்காலியின் பக்கம் போக முடியாது.

மாதச் சம்பளம் 10 பவுண்டு என்று கேட்டால் சிரிப்பு வரும். வருமானம் கப்பலின் வயிற்றில் இருந்தது. போகும்போது 56 டன், வரும்போது 38 டன் சரக்கைக் கேப்டன் தன் சொந்தக் கணக்கில் ஏற்றிக்கொள்ளலாம். மதுபானமும் கண்ணாடியும் தொப்பியும் மெட்ராஸுக்கும் கல்கத்தாவுக்கும் போகும். தேயிலையும் பட்டும் திரும்பி வரும். பயணிகளின் கட்டணமும் அவர் பைக்குத்தான். ஒரு பயணம் நன்றாக அமைந்தால் சில ஆயிரம் பவுண்டு மிஞ்சும். மூன்று, நான்கு பயணங்கள் அப்படி அமைந்தால் கிராமத்தில் நிலம் வாங்கி உட்கார்ந்துவிடலாம். உணவு நல்லது, கேபின் பெரியது, சண்டை எப்போதாவதுதான். வசதியை மட்டும் வைத்துச் சொன்னால் நான்கு வழிகளில் இதற்கு ஈடில்லை.

ஜான் வேர்ட்ஸ்வொர்த் பதினாறு, பதினேழு வயதில் கம்பெனிக் கப்பலில் சேர்ந்தார். உறவினர் ஒருவர் 'ஏர்ல் ஆஃப் அபர்கவென்னி' என்ற கப்பலின் கேப்டன். அவர் ஓய்வு பெற்றதும் 1801-இல் ஜான் அந்த இடத்துக்கு வந்தார். சரக்கு வாங்கப் பணம் வேண்டுமே. கவிஞரான அண்ணன் வில்லியமும் அக்கா டோரத்தியும் தங்கள் சேமிப்பிலிருந்து கொடுத்தார்கள். முதல் சீனப் பயணத்தில் நஷ்டம். இரண்டாவது பயணத்தில் திரும்பும் வழியில், 1804 பிப்ரவரியில் மலாக்கா நீரிணைக்குப் பக்கத்தில், பிரெஞ்சு அட்மிரல் லினுவாவின் போர்க்கப்பல்கள் எதிர்ப்பட்டன. வணிகக் கப்பல்களின் தலைவராக இருந்த நத்தானியல் டான்ஸ் ஓடாமல் திரும்பி நின்றார். சில கப்பல்களில் கடற்படைக் கொடியை ஏற்றினார். லினுவா ஏமாந்து பின்வாங்கினார். அந்த அணியில் ஜானின் கப்பலும் இருந்தது. டான்ஸுக்கு அரசர் சர் பட்டம் கொடுத்தார்.

மூன்றாவது பயணம்தான் எல்லாவற்றையும் ஈடுகட்ட வேண்டியது. வங்காளத்துக்கும் சீனத்துக்கும் புறப்பட்ட கப்பல், 1805 பிப்ரவரி 5 அன்று இங்கிலாந்தின் கரையிலேயே, போர்ட்லண்ட் முனைக்கு அருகே மணல்திட்டில் மோதியது. அப்போது சுக்கானுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தவர் உள்ளூர் வழிகாட்டி. கப்பலை விடுவித்துக் கரைக்குக் கொண்டுபோகப் பார்த்தார்கள். வேமத் விரிகுடாவில் இரவில் மூழ்கியது. 250 பேருக்கு மேல் இறந்தார்கள். ஜானும் போனார். வயது முப்பத்திரண்டு.

இந்த வழியில் என்னைத் தயங்கவைப்பது இதுதான். கடற்படை அதிகாரியின் கப்பல் மூழ்கினால் அரசரின் கப்பல் மூழ்குகிறது. பிழைத்தவனுக்குப் பதவி அப்படியே இருக்கும். கம்பெனிக் கேப்டனின் கப்பலில் அவன் உயிரோடு அவன் குடும்பத்தின் சேமிப்பும் ஏறியிருக்கிறது. அண்ணனும் அக்காவும் போட்ட பணமும் அதே மரப்பெட்டிகளில்தான் கிடந்தது. ஓர் இழப்பைத் தாங்கும் குடும்பத்துக்கு இது நல்ல வழி. ஒரே கப்பலில் எல்லாவற்றையும் போட்டால்தான் பையனுக்கு எதிர்காலம் என்கிற குடும்பத்துக்கு நான் சொல்லமாட்டேன்.

கரிக்கப்பல்

சிபாரிசும் இல்லை, பணமும் இல்லை என்றால் மீதி இருப்பது வடகடலோரத் துறைமுகமான விட்பி. டைன் ஆற்றுக் கரியை ஏற்றிக்கொண்டு லண்டனுக்கு ஓடும் கப்பல்கள். நிறைய மணல்திட்டுகள், அடிக்கடி மூடுபனி, குளிர்காலத்தில் கொல்லும் காற்று. வடகடலின் அந்தக் கரையோரத்தை விடக் கடுமையான பள்ளிக்கூடம் அந்நாளில் இருந்திருக்காது. மாலுமித் தொழிலை அடிமுதல் கற்றுக்கொள்ளலாம்; கற்றுக்கொள்ளாதவன் பிழைக்கமாட்டான்.

ஜேம்ஸ் குக் 1746-இல், பதினேழு வயதில், ஜான் வாக்கர் என்ற முதலாளியிடம் சேர்ந்தார். கப்பல்கள் ஓய்வில் இருக்கும் குளிர்கால மாதங்களில் பையன்கள் முதலாளி வீட்டு மாடியில் தங்குவார்கள். மற்றவர்கள் கீழே பேசிச் சிரித்துக்கொண்டிருக்க, குக் கணிதப் புத்தகத்தோடு தனியாக உட்கார்ந்திருப்பார். வீட்டுப் பணியாளர் மேரி ப்ரௌட் அவருக்கென்று ஒரு மேசையும் மெழுகுவத்தியும் ஒதுக்கிக் கொடுத்தார் என்று விட்பியில் சொல்வார்கள். அந்த மெழுகுவத்தியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

1755-இல் வாக்கர் அவருக்கு ஒரு கப்பலின் தலைமையைத் தர முன்வந்தார். குக் அதை மறுத்துவிட்டுக் கடற்படையில் சாதாரண மாலுமியாகச் சேர்ந்தார். வயது இருபத்தாறு. இரண்டே ஆண்டுகளில் மாஸ்டர் தேர்வில் தேறினார். மாஸ்டர் என்பவர்தான் கப்பலின் திசை, ஆழம், பாய் எல்லாவற்றுக்கும் பொறுப்பு. கேப்டனே அவரைக் கேட்டுத்தான் கப்பலை நகர்த்துவார். ஆனால் அந்தப் பதவியிலிருந்து மேலே ஏணி இல்லை. செயின்ட் லாரன்ஸ் ஆற்றையும் நியூஃபவுண்ட்லாந்துக் கரையையும் அளந்து படம் வரைந்த பிறகு, 1768-இல், பசிபிக் பயணத்துக்காகத்தான் குக்கை லெப்டினன்ட் ஆக்கினார்கள். அப்போது வயது முப்பத்தொன்பது. அவருக்குக் கொடுத்த 'எண்டெவர்' கப்பலும் விட்பியில் கட்டிய கரிக்கப்பல்தான். போஸ்ட் கேப்டன் ஆனது 1775-இல். அதற்குள் உலகத்தை இரண்டு முறை சுற்றிவந்திருந்தார்.

நெல்சன் இருபதில் தொட்ட படியை உலகின் மிகச் சிறந்த மாலுமி நாற்பத்தாறில் தொட்டார். இது எனக்கு ஆறவே ஆறாத வருத்தம். ஆனாலும் ஏழைத் தகப்பனுக்கு இந்த வழியையே சொல்வேன். கையில் தொழில் இருப்பவனுக்குப் போரிலும் வேலை உண்டு, சமாதானத்திலும் உண்டு. போர்க்காலத்தில் வணிகக் கப்பல்களின் கூலி கடற்படைச் சம்பளத்தைப் போல இரண்டு, மூன்று மடங்கு ஏறும். ஆளைப் பிடித்துக்கொண்டு போகும் கடற்படைக் கும்பலிடமிருந்து முதல் மூன்று ஆண்டுகளுக்குத் தொழில் பழகும் பையனுக்குப் பாதுகாப்பும் இருந்தது.

இன்னொன்று: நெல்சனுமே ஒரு வணிகக் கப்பலில் போய்வந்தவர். கடற்படையில் சேர்ந்த சில மாதங்களில் மாமன் அவரை மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போகும் வணிகக் கப்பலில் அனுப்பிவைத்தார். நல்ல மாலுமியாகவும் கடற்படை மீது வெறுப்போடும் திரும்பினார் என்று அவரே எழுதியிருக்கிறார். வெறுப்பு போக நாளாயிற்று. கற்ற தொழில் நின்றது. ஆள் பலம் உள்ள குடும்பமும் இதைப் பின்பற்றலாம்.

எந்தக் கடல்

சேர்ந்த பிறகு பையன் எந்தக் கடலுக்குப் போகிறான் என்பது அவன் உயிர் விஷயம். 1793 முதல் 1815 வரை பிரிட்டிஷ் கடற்படை இழந்த ஆட்களில் பத்தில் எட்டுப் பேர் நோயாலும் விபத்தாலும் இறந்தவர்கள். எதிரியின் குண்டால் இறந்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. 1780-இல் 'ஹின்சின்புரூக்' என்ற கப்பலை நெல்சனிடமிருந்து காலிங்வுட் ஏற்றுக்கொண்டார். நிகரகுவா ஆற்றின் முகத்துவாரத்தில் நின்ற அந்தக் கப்பலின் 200 பேரில் 180 பேரை நான்கே மாதங்களில் அடக்கம் செய்ததாக அவர் எழுதினார். மேற்கிந்தியத் தீவுகளில் சீக்கிரம் பதவி உயரும் என்பார்கள். காரணம், மேலே இருந்தவர்கள் சீக்கிரம் இறந்தார்கள்.

நம் பக்கத்துக் கடல் இன்னொரு விதமான பந்தயம். நெல்சன் 1774-இல் 'சீஹார்ஸ்' கப்பலில் மெட்ராஸுக்கு வந்தார். அப்போது வயது பதினைந்து. அன்று மெட்ராஸுக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். அலை உடையும் இடத்தைத் தாண்டிக் கரைக்கு வர மசூலாப் படகு வேண்டும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த பலகைகள் என்பதால், அலை அடித்தால் படகு உடையாமல் வளைந்து கொடுக்கும். கடல் கொந்தளித்தால் மசூலாவும் வராது. கட்டுமரக்காரர் தலையில் கட்டிய குல்லாயில் கடிதத்தை நனையாமல் வைத்துக்கொண்டு கப்பலுக்குப் போவார். ஐரோப்பிய மாலுமிகள் வியந்து வியந்து எழுதிய காட்சி அது. அக்டோபர் நடுவில் வாடைக்காற்று தொடங்குமுன் போர்க்கப்பல்கள் கரையை விட்டு விலகிவிட வேண்டும். 1746 செப்டம்பரில் மெட்ராஸைப் பிடித்த லா பூர்தொனே என்ற பிரெஞ்சுத் தளபதி அங்கேயே தங்க, அக்டோபர் புயல் அவருடைய கப்பல்களைச் சிதறடித்தது. அந்தக் காற்றுக்கு ஒதுங்கத் திருகோணமலை போல ஓர் இடம் இல்லாததால்தான் 1795-இல் அட்மிரல் ரேனியர் அதை டச்சுக்காரர்களிடமிருந்து கைப்பற்றும் படையோடு போனார். பத்தாண்டுகளுக்கும் மேல் இந்தக் கடலில் தலைமை வகித்த அவர் பெரும் செல்வத்தோடு ஊர் திரும்பினார். அதே கடலிலிருந்து நெல்சன் 1776-இல் காய்ச்சலில் நடக்க முடியாமல் திருப்பி அனுப்பப்பட்டார். சார்ல்ஸ் ஆஸ்டின் இந்தக் கடலின் தலைமைத் தளபதியாக இருந்து, 1852-இல் பர்மாவின் ஐராவதி ஆற்றில் காலராவில் இறந்தார். என் பையன் என்றால் முதல் ஆறு ஆண்டுகளுக்கு ஐரோப்பியக் கடலை விட்டு அனுப்பமாட்டேன்.

சமாதானம் வந்தால்

தகப்பன்கள் மறந்த கணக்கு ஒன்று உண்டு. கடற்படையில் வேலை என்பது கப்பல் கிடைத்தால்தான். கப்பல் இல்லாத அதிகாரிக்கு அரைச்சம்பளம், வீட்டில் உட்கார்ந்துகொள்ளலாம். நெல்சனே 1788 முதல் ஐந்து ஆண்டுகள் நார்ஃபோக்கில் அப்பாவின் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, கப்பல் கேட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். போர் மூளப்போகிறது என்று தெரிந்த 1793 ஜனவரியில்தான் 64 பீரங்கிகள் கொண்ட 'அகமெம்னான்' கிடைத்தது.

1815-க்குப் பிறகு நிலைமை அதைவிடப் பல மடங்கு மோசம். 1.4 லட்சம் பேர் இருந்த கடற்படையை இரண்டு, மூன்று ஆண்டுகளில் ஏறக்குறைய 20 ஆயிரமாகக் குறைத்தார்கள். பட்டியலில் இருந்த லெப்டினன்ட்கள் 3 ஆயிரத்துக்கு மேல். பத்தில் ஒன்பது பேருக்குக் கப்பல் இல்லை. ஃபிரான்சிஸ் ஆஸ்டின் 1814-இல் கரைக்கு வந்தார். முப்பது ஆண்டுகள் எந்தக் கப்பலுக்கும் தலைமை ஏற்கவில்லை. அந்த முப்பது ஆண்டுகளிலும் பட்டியலில் மேலே இருந்தவர்கள் இறந்துகொண்டே இருந்தார்கள்; 1830-இல் வீட்டிலிருந்தபடியே ரியர் அட்மிரல் ஆனார். 1863-இல், 89 வயதில், கடற்படையின் மிக உயர்ந்த பதவியையும் தொட்டார். 1809-இல் லெப்டினன்ட் ஆன ஒருவனுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. போஸ்ட் கேப்டன் படியைத் தொடாமல் சமாதானத்தில் அகப்பட்டவன் அப்படியே முதியவனானான். கம்பெனி வழியும் நிரந்தரமில்லை. 1834-இல் கம்பெனி வணிகத்தையே விட்டபோது அந்தக் கப்பல் வேலையும் மறைந்தது.

ஆகவே 1793-இல் ஆலோசனை கேட்டிருந்தால் கடற்படை என்று தயங்காமல் சொல்லியிருப்பேன். நெடும்போர் தொடங்கும் ஆண்டு அது. அன்று சேர்ந்த பையனுக்கு 1815 வரை இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தன. 1811-இல் கேட்டிருந்தால், அதே பையனுக்கு, சிபாரிசு செய்ய ஒரு மாமன் இருந்தும், கம்பெனியைச் சொல்லியிருப்பேன். போர் எப்போது முடியும் என்று எந்தத் தகப்பனுக்கும் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் பத்தாண்டுக்கு மேல் ஓடிய போரில் பையனைச் சேர்க்கும்போது, அவன் தேர்வுக்குப் போகும் ஆறாம் ஆண்டில் யார் யாரோடு சண்டையிடுவார்கள் என்றாவது கேட்டிருக்கலாம்.

கடற்படை என்று முடிவானால் கப்பலின் பெயரில் மயங்க வேண்டாம். கேப்டனைப் பாருங்கள். அவருக்கு என்ன வயது, அடுத்து ஃப்ரிகேட் கிடைக்கும் நிலையில் இருக்கிறாரா, கப்பலில் ஆசிரியர் வைத்திருக்கிறாரா, அவரிடம் இருந்த பையன்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்று விசாரியுங்கள். சூரியன், விண்மீன்களின் உயரத்தை அளக்கும் குவாட்ரன்ட் கருவியும் வழிகணக்குப் புத்தகமும் நல்லதாக வாங்குங்கள். கம்பளிக் காலுறை கூடுதலாக வையுங்கள். கேப்டன் கப்பலில் இருக்கும் நாளாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு அனுப்புங்கள்.

1771 மார்ச்சில் நெல்சனின் அப்பா பையனை லண்டன் வரை கூட்டிவந்து, சாட்டம் போகும் கோச்சில் தனியாக ஏற்றிவிட்டார். ஆற்றில் நின்ற 'ரெசொனபிள்' கப்பலைக் கண்டுபிடிக்கவே பையன் குளிரில் அலைந்தான். ஓர் அதிகாரி இரக்கப்பட்டுச் சாப்பாடு போட்டு, கப்பலில் கொண்டுபோய் விட்டார். மாமன் இன்னும் வந்திருக்கவில்லை. அங்கே யாருக்கும் அவன் யாரென்று தெரியாது. அன்று முழுவதும் மேல்தட்டில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தான். மறுநாள்தான் ஒருவர் அவனைக் கவனித்தார்.